மேட்டுக்கா, ரோட்டுக்கா

சாக்பீஸ் கோடு டயரின் அடியிலிருந்து எழுந்து மேலே வருகிறது, உச்சியில் ஒரு கணம் நிற்பதுபோல் பாவனை காட்டிவிட்டு அந்தப் பக்கம் இறங்குகிறது, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, சக்கரம் திரும்பத் திரும்ப, இன்ஜினிலிருந்து பின்னச்சுக்கு ஓடும் நடுத்தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன், எண்ணிக்கொண்டிருந்தேன், சக்கரத்தைத் திருப்புவது மெக்கானிக் நாச்சிமுத்துவின் கிரீஸ் கையா, பள்ளிக்கூடத்துக் கைப்பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து அன்று இதேபோல் ஒரு கோட்டைப் போட்ட என் மனைவி வடிவின் கையா, கீழே கிடப்பவனுக்குத் தெரிவது பாதம் மட்டும்தான், அந்தப் பாதத்தைப் பார்த்தால் எண்ணிக்கை விட்டுப்போகும், ஏனுங்க, எத்தனைங்க வந்துச்சு, மறுபடி சுத்து வடிவு, ஆமாங்க, கணக்கு டீச்சரைக் கட்டியும் நாலுக்கு மேல எண்ண வரலைன்னா நான் என்னதான் பண்ணுவேன், என்று அவள் சிரிக்கும்போது சக்கரமும் சேர்ந்து குலுங்கும், அது நாங்கள் அம்பாசிடர் வாங்கிய புதிது, புதிது என்றால் எங்களுக்கு, எங்களுக்கு முன்பே மூன்று குடும்பங்கள் அதில் குலதெய்வம் கோயிலுக்குப் போய் வந்தாயிற்று.

ஏனுங்ணா, அடியிலேயே தூங்கிட்டீங்களா, என்று நாச்சிமுத்து குனிந்து பார்க்கிறான், ஆக, பாதம் அவனுடையது, குதிகாலில் வெடிப்பு. பழைய பெட்ரோல் இன்ஜின் உயிரை விட்டு, டீசல் இன்ஜின் ஏற்றியாகிவிட்டது, இனிப் பின் அச்சுக்குள் எந்தப் பல்சக்கர ஜோடி போடுவது என்பதுதான் கேள்வி, பழையது எட்டுக்கு முப்பத்தொன்பது, தண்டு கிட்டத்தட்ட ஐந்து சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று, மேட்டில் மாடு மாதிரி இழுக்கும், இன்னொன்று பத்துக்கு நாற்பத்துமூன்று, நாலே கால் சுற்றுப் போதும், சமத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும். டீசல் இன்ஜின் வேகமாச் சுத்தாதுங்ணா, பழைய பல்லப் போட்டா ரோட்டுல அம்பதுக்கே கத்தும், புதுசப் போட்டா மேட்டுல மூச்சு வாங்கும், நீங்க எங்கீங்க ஓட்டப் போறீங்க, மேட்டுக்கா, ரோட்டுக்கா. பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கிளாசை வாயருகில் நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறார்கள், தலைமையாசிரியையாகக் கோத்தகிரிக்குப் போன வடிவு, ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குளிரிலேயே இருந்துவிட்டாள் என்பது இவர்களுக்குத் தெரியும், வாங்களேன் என்று அவள் போனில் சொல்லும்போதெல்லாம் வண்டி ரெடியாகட்டும் என்று நான் சொல்வதும் தெரியும், மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் இருக்கிறது, பஸ்ஸில் போனால் மாலை பஸ்ஸில் திரும்பிவிடும் விருந்தாளி ஆகிவிடுவேன், வண்டியில் போனால் வண்டியை நிறுத்த ஓர் இடம், இடம் என்றால், சரி விடுங்கள், மேட்டுக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் மனசு மொத்தமும் டீக்கடை பெஞ்சுக்கு வந்துவிடும், ஆகவே என் வாய் சொல்லிற்று, ரோட்டுக்குத்தான்ப்பா, சேலம் போக வர இருக்கு. சேலத்தில் எனக்கு ஒரு காக்காயைக்கூடத் தெரியாது.

பல் பூட்டிய மறுநாளே கிளம்புகிறேன், சேலத்துக்குத்தான், ஸ்டியரிங் எப்போது மேட்டுப்பாளையம் பக்கம் திரும்பியது என்று அதைத்தான் கேட்க வேண்டும், மலை தொடங்கியதும் முதல் கியரைத் தவிர வேறு கியர் இருப்பதையே வண்டி மறந்துவிட்டது, பின்னால் வந்த பஸ் முந்தும்போது கண்டக்டர் தலையை நீட்டி, பெருசு, கயிறு கட்டி இழுக்கட்டுமா என்கிறான், பழைய இன்ஜின் இருந்தபோது வண்டி இதே வளைவில் கொதித்து நிற்கும், வடிவு கேனோடு இறங்கி ஓடைத் தண்ணீர் பிடித்து வருவாள், வருகிறாள், புடவை நுனி நனைந்திருக்கிறது, இல்லை, அது பனி. எப்படியோ மேலே வந்து சேர்ந்து, அவள் வீட்டுக்குப் போகும் சந்தில் திரும்பினால், அது சந்து இல்லை, சுவர், சுவரில் யாரோ சிமெண்ட் பூசி ரோடு என்று சொல்லியிருக்கிறார்கள், பாதியில் இன்ஜின் அணைகிறது, மறுபடி, மறுபடியும், வீடு தெரிகிறது, எட்டவில்லை, இத்தனை வருஷம் எட்டாமல் இருந்ததைவிட இந்த ஐம்பதடி அதிகம் வலிக்கிறது.

சத்தம் கேட்டு ஸ்வெட்டரோடு வெளியே வந்தவள், எப்படி இருக்கீங்க என்று கேட்கவில்லை, இறங்கி வந்து கதவில் கை ஊன்றி, என்ன பல்லுங்க போட்டீங்க என்றாள். பத்துக்கு நாப்பத்துமூணு. அது சேலம் போறவங்க போடற பல்லுங்களே, அங்க யாருங்க இருக்காங்க. யாருமில்ல வடிவு. அவள் சிரித்தாள், எத்தனையோ காலத்துக்குப் பிறகு வண்டி குலுங்கியது. கீழ போய்த் திருப்பிட்டு ரிவர்ஸ்ல வாங்க, உங்க வண்டியில அதுக்குத்தான் இழுவை ஜாஸ்தி, மறந்துட்டீங்களா. அப்படித்தான் என் மனைவி வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏறினேன், கதவைத் திறந்து வெளியே எட்டிப் பின்சக்கரத்தைப் பார்த்தபடி, வாங்க, வாங்க, ஒடிங்க, இன்னும் வாங்க, என்று அவள் கூடவே நடக்க, நாச்சிமுத்து போட்டு அழிக்க மறந்த சாக்பீஸ் கோடு தலைகீழாக எழுந்து எழுந்து வருகிறது, பக்கத்தில் அவள் பாதம், எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

வாசலில் நிறுத்தியதும் வண்டி கீழே நழுவப் பார்க்கிறது, அவள் ஒரு கல்லை எடுத்துவந்து சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிறாள், கோடு உச்சியில் நிற்கிறது, பாவனை இல்லை, நிற்கிறது. இந்தப் பல்லோடு ஒரு தடவை இறங்கினால் மறுபடி ஏறுமா தெரியாது வடிவு, என்றேன். அவள் கல்லைக் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.