நிறமில்லாத கலவை

பெயிண்ட் கடையில் சாயம் கலப்பதில் அவளுடைய அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. வாடிக்கையாளர் "கொஞ்சம் வெளிறின வானம் மாதிரி" என்று இழுத்தாலே போதும். மூன்று சொட்டு நீலம், அரைச் சொட்டு கறுப்பு, டப்பாவை ஒரு குலுக்கு. நிறம் அப்படியே வந்து நிற்கும். கூடவே இருமலும் வந்து நிற்கும்.

ஆஸ்துமாவுக்கு இரண்டு இன்ஹேலர் கொடுத்திருந்தார்கள். நீலம், மூச்சு முட்டும்போது இழுக்க. பழுப்பு, தினமும் இழுக்க. நீலம் உடனே வேலை செய்தது. சட்டைப் பையில் இடம்பிடித்தது. பழுப்பு சத்தமில்லாமல் உள்வீக்கத்தைக் குறைக்கிற ரகம். இழுத்ததும் ஒன்றும் தெரியாது. அதற்குத் தண்டச்சோறு என்று பட்டம் கட்டி அலமாரியில் போட்டுவிட்டார்.

ஆளைப் படித்துவிட்ட டாக்டர், இரண்டு வேலையையும் பார்க்கிற ஒரே இன்ஹேலராக எழுதினார். "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நடுவுல முட்டினாலும் இதையேதான் இழுக்கணும். நீலத்தைத் தூக்கிப் போடுங்க."

வெளியே வந்ததும், துணைக்கு வந்திருந்த தங்கையைப் பார்த்து அண்ணன் சிரித்தார். "என்கிட்டயே கலவை விக்கிறாரு பாரு!"

"அண்ணே, அது பெயிண்ட் இல்ல. மருந்து."

"கலவைன்னா கலவைதான் பாப்பா. ரெண்டைக் கலந்தா ரெண்டும் வெளுத்துப் போயிடும். இருபத்தாறு வருஷமா பாக்குறேன்."

"அதைவிட அதிக வருஷமா மூச்சு விடுறீங்க. அது இன்னும் சரியா வரலையே."

அவருக்கு அந்தக் கிண்டல் பிடித்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, கை நீலத்தைத் தேடியது.

தினமும் போனில் கேட்பாள். "புதுசை இழுத்தீங்களா?"

"இழுத்தாச்சு, இழுத்தாச்சு."

பொய்யைக்கூட இரண்டு பூச்சு பூசித்தான் சொல்வார்.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் ஒருநாள், நீலத்தை எத்தனை முறை இழுத்தும் கேட்கவில்லை. கலக்கும் மேசைமேலேயே சாய்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. டப்பாவில் வெளிர்மஞ்சள் பாதி கலந்தபடி இருந்தது.

பத்து நாள் கழித்து அவருடைய சாமான்களை எடுக்கக் கடைக்குப் போனாள். கலர் அட்டைகளுக்கு அடியில் புது இன்ஹேலர். மீதி எத்தனை என்று காட்டும் சின்ன ஜன்னலில் 119. மொத்தம் நூற்றிருபது. ஒரே ஒரு தடவையாவது இழுத்திருக்கிறார்! அந்த ஒன்றை அவள் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"அதுவா?" என்றார் முதலாளி. "எனக்குச் செஞ்சு காட்டினாரும்மா. வெள்ளை அட்டை மேல ஒரு தடவை அடிச்சாரு. 'பாத்தீங்களா, நிறமே ஏறல'ன்னாரு."