விசாரித்துவிட்டுப் போனவர்

செல்லியம்மாளின் தம்பி வாங்கிய கடனை அவளிடம் வசூலிக்க முடியுமா என்று, வசூல்காரர் ஒருவர் ஒடுகத்தூர்க் கடைகளில் அவளைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார். அவள் யாரிடமும் பாக்கி வைத்தவள் இல்லை.

மழை பொய்த்து விதைச் சாமையும் தீர்ந்திருந்ததால், விதை வாங்க அவள் மலையிலிருந்து இறங்கி வந்தாள். எப்போதும் கடன் கொடுக்கும் விதைக்கடை சத்தார் தயங்கினார்.

"உன்னப் பத்திக் கடை கடையா விசாரிச்சாங்கம்மா. கடன் குடுக்கப் பயமா கீது."

"கேட்டது அவங்க, பாய். நான் இன்னா தப்பு பண்ணேன்?"

அவர் கடன் நோட்டை மூடிவைத்தார். மற்ற கடைகளிலும் கையை விரித்தார்கள். திரும்பி வந்து, காதுத் தோடுகளைக் கழற்றி சத்தாரின் முன் வைத்தாள். அவர் தலைகுனிந்தபடியே விதையை அளந்தார்.

அறுப்பு முடிந்ததும் பணத்தோடு வந்து தோடுகளை மீட்டாள்.

"இனிமே கடனாவே வாங்கிக்கம்மா," என்றார் சத்தார்.

"வேணாம் பாய்," என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.