முனியாண்டி தலையில் போட்ட பழி

விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு அடித்ததும் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஜனமெல்லாம் வாளியும் கையுமாக ஓடியது. காளிமுத்து மட்டும் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். வலது காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. மலாயாவில் ஜாசினுக்குப் பக்கத்திலிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் அவனுக்குப் புகைக்கொட்டகை வேலை. ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்த மேலே ஏறித் தொங்கவிடுவான். போன மாதம் மேல்தட்டுப் பலகை முறிந்து, ஷீட்டோடு ஷீட்டாக அவனும் கீழே வந்து விழுந்தான்.

பலகை கறையான் அரித்து உளுத்துப் போயிருந்தது. காளிமுத்துவே அதைக் கங்காணி சாமிக்கண்ணுவிடம் முன்னமே சொல்லியிருந்தான். "ரப்பர் வெல கெடக்கற கெடப்புல தொரைகிட்ட பலகை கேட்டா என் தலப்பாவக் கழட்டிருவாருடா" என்று அவர் தட்டிக் கழித்துவிட்டார்.

அப்படியிருந்தும் காளிமுத்து தன்னைத்தான் நொந்துகொண்டான். மகள் பிறந்தபோது தோட்டத்து முனியாண்டிக்கு ஒரு சேவலை நேர்ந்து விட்டிருந்தான். தீபாவளிக்குக் கறி வாங்க வழியில்லாமல் போகவே, அந்தச் சேவலையே அடித்துக் குழம்பு வைத்துவிட்டார்கள். காலை ஒடித்தது முனியாண்டிதான் என்று அவனுக்குள் ஒரு பயம் ஊறிக்கொண்டே இருந்தது.

இது தெரிந்தபின் கங்காணி சும்மா இருப்பாரா?

"சாமி குத்தம்டா காளிமுத்து! ஆபீசு கீபீசுன்னு போனியோ, இன்னொரு காலும் போயிரும். பேசாம ஊருக்குக் கப்பல் ஏறு. தொரைகிட்ட நான் சொல்லி விடறேன்."

காளிமுத்து தலையாட்டினான். ஊரில் அவனுக்கு ஒண்டக் குடிசைகூடக் கிடையாது. கால் போனவனுக்கு அங்கே யார் வேலை கொடுப்பார்கள்? கைக்குழந்தையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அவன் மனைவி பெத்தம்மாள் தலையாட்டவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸர் மரியசூசை அவள் காதில் ஒரு சேதி போட்டிருந்தார். வேலை செய்யும் இடத்தில் அடிபட்டால் நஷ்டஈடு கொடுக்கச் சட்டம் வந்திருக்கிறதாம். மலாக்கா லேபர் ஆபீசில் போய்ச் சொன்னால் விசாரிப்பார்களாம்.

"வேணாம் புள்ள. மொதல்ல சாமி கோவம் தீரட்டும்" என்றான் காளிமுத்து.

பெத்தம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்தாய்யா, அந்தச் சேவல நீ ஒருத்தனாவா தின்ன? நானுந்தான் தின்னேன். மணமா இருக்குன்னு கங்காணியாரும் ஒரு கிண்ணம் வாங்கிட்டுப் போனாரு. எங்க காலெல்லாம் நல்லாத்தான இருக்கு? முனியாண்டி கண்ணுக்கு ஒன் காலு மட்டுந்தான் பட்டுச்சா?"

காளிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கால் வலித்தது. ஆனால் நெஞ்சிலிருந்த பாரம் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது.

"போய்ச் சொல்லு" என்றான்.

பெத்தம்மாள் மலாக்கா போய்ச் சொல்லிவிட்டு வந்தபின், விசாரணைக்கு லேபர் ஆபீஸ் துரை தோட்டத்து ஆபீசுக்கே வந்தார். சென்னையில் தங்கித் தமிழ் படித்துவிட்டு வந்த வெள்ளைக்காரர். காளிமுத்துவைக் கட்டிலோடு தூக்கி வந்து எதிரே வைத்தார்கள். தோட்டத் துரை சுருட்டைக் கடித்துக்கொண்டு சன்னலோரம் நின்றார்.

"பலகை எந்நிலையில் இருந்தது?" என்று லேபர் துரை கேட்டார்.

"பலகை நல்லாத்தாங்க இருந்துச்சு. இவன் கள்ளுக் குடிச்சிட்டு ஏறினான், விழுந்தான்" என்றார் கங்காணி, தரையைப் பார்த்துக்கொண்டு.

குடித்துவிட்டு விழுந்தவனுக்கு நஷ்டஈடு கிடையாது. உளுத்த பலகையையும் அடுப்பில் வைத்து எரித்தாயிற்று. அவனோடு வேலை செய்தவர்கள்கூட வாயைத் திறக்கப் பயந்து ஒதுங்கி நின்றார்கள். அடுத்த கப்பலுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று காளிமுத்து நினைத்தான்.

பெத்தம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஆபீஸ் தரையில் சூடத்தை வைத்துக் கொளுத்தினாள்.

"கங்காணியாரே, இவரு குடிச்சிருந்தாருன்னு முனியாண்டி மேல சத்தியம் பண்ணி இத அணச்சிருங்க. நாங்க நாளைக்கே கப்பல் ஏறிர்றோம்."

தோட்டத் துரை ஏதோ கத்தினார். லேபர் துரை கையமர்த்தினார். அவருக்கு அந்த வழக்கம் தெரிந்திருந்தது.

கங்காணி குனிந்தார். கை சூடத்தருகே போய் நின்றுவிட்டது. முனியாண்டியைச் சொல்லி ஊரையெல்லாம் மிரட்டிய மனுஷனுக்குத்தான் முனியாண்டியிடம் எல்லாரையும்விடப் பயம்! கையை இழுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இவன் குடிக்கலீங்க. பலகை உளுத்துதான் கெடந்துச்சு. இவன் சொன்னான், நாந்தான் தொரைகிட்ட கேக்கப் பயந்துட்டேன். இந்த ஒரு மாசமா எனக்குச் சோறு எறங்கல."

நஷ்டஈடு கொடுக்க வேண்டும், காலுக்கு ஏற்ற வேலை கொடுக்க வேண்டும், கொட்டகைப் பலகைகளை மாற்ற வேண்டும் என்று தோட்டத் துரையிடம் சொல்லிவிட்டுப் போனார் லேபர் துரை. காளிமுத்து குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு அழுதான். இனிக் கப்பல் ஏற வேண்டியதில்லை. கங்காணியின் முகம்கூடத் தெளிந்துதான் இருந்தது.

அன்று மாலை அவர் காளிமுத்துவைப் பார்க்க வந்தார். பக்கத்து வீட்டு மாரியம்மாவும் முழங்கை வீங்கி வந்து நின்றாள்.

"கெணத்தடிக் கல்லு ஆடுதுல்ல, வழுக்கி விட்டுருச்சு. எல்லாம் என் கெட்ட நேரம்."

"நேரத்த ஏன்க்கா திட்டற?" என்றான் காளிமுத்து. "ஆடற கல்லப் பூசாம விட்டது மனுசன். மனுசன் செஞ்ச தப்ப மனுசன்கிட்டதான் கேக்கணும். சாமி மேல பழியப் போட்டா, அடுத்தவன் காலும் ஒடியும்."

கங்காணி தொண்டையைக் கனைத்தார். "நாளைக்கே ஆள் அனுப்பிப் பூசச் சொல்றேன்."

"நாளைக்கு எதுக்கு, இன்னும் வெளிச்சம் இருக்கே" என்றாள் மாரியம்மா. "வாங்க, காட்டறேன்."

கங்காணி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு அவள் பின்னால் நடந்தார்.