ஆணியில் தொங்கிய துண்டு

நொச்சிக்குப்பத்து ஐஸ் ஃபாக்டரியில் ஐஸ் உடைக்கிற மெஷின் அடைத்துக்கொண்டால், தேவானை முதலில் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துச் சுவிட்ச் பெட்டி மேலிருக்கும் ஆணியில் மாட்டுவாள். அப்புறம்தான் உள்ளே கையை விடுவாள். ஆணியில் துண்டு தொங்கினால் முதலாளியே வந்தாலும் சுவிட்சைத் தொடக்கூடாது. அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்ததாலேயே ஒருவரும் ஜொவிட்டாவிடம் சொல்லவில்லை.

ஜொவிட்டா அடையாறில் ஒரு சின்னக் கம்பெனியில் இன்ஜினியர். வேலை செய்கிறவர்களின் அனுபவத்தைக் கேட்டு வாங்கி, இப்படி ஆனால் இப்படிச் செய் என்று கம்ப்யூட்டருக்கு விதி எழுதிக் கொடுப்பது அவள் பிழைப்பு. சும்மா சொல்லக்கூடாது, துருவித் துருவிக் கேட்பாள். மெஷினை எப்போது ஓட்டலாம் என்று ஆயிரம் கேள்வி கேட்டாள். எப்போது ஓட்டவே கூடாது என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

மெஷினைக் கம்ப்யூட்டரே ஓட்டிப் பார்க்கும் ஒத்திகையன்று துண்டு ஆணியில் இருந்தது, தேவானையின் கை மெஷினுக்குள் இருந்தது. அடுத்த ஐஸ் கட்டி வருவதைப் பார்த்த கம்ப்யூட்டர் மோட்டாரைத் தட்டிவிட்டது. வளையல் நொறுங்கியது. கை மயிரிழையில் தப்பியது.

"துண்டு தொங்கிக்கினு கீதுல்ல, அதுக்குக் கண்ணு தெரில?" என்றாள் தேவானை.

ஜொவிட்டாவுக்கு உயிரே போய்விட்டது. உடனே ஆணியில் ஒரு சென்சாரைப் பொருத்தி, துண்டு தொங்கினால் மோட்டார் ஓடாது என்று விதி சேர்த்தாள். சோதித்துப் பார்த்ததில் ஒருமுறைகூடத் தவறவில்லை. இனிப் பயமில்லாமல் உள்ளே கையை விடலாம் என்று தேவானையிடம் சொன்னாள்.

"அப்புறம் இன்னாம்மா? மீன்புடி தடைக்காலம் முடிஞ்சு நாளைக்கு போட்டெல்லாம் எறங்குது" என்றார் முதலாளி நூர் முஹம்மது.

தேவானை அசையவில்லை. "மொதல்ல நீ கைய வுடு. அப்பால நான் வுடறேன்."

நியாயம்தானே. ஜொவிட்டா துப்பட்டாவை ஆணியில் மாட்டிவிட்டு மெஷின் வாயருகே கையைக் கொண்டுபோனாள். உள்ளே பல் பல்லாக இரும்பு. கை போக மறுத்தது. சென்சாரில் உப்புத் தண்ணீர் ஏறினால்? கம்ப்யூட்டர் ஒரு நொடி முழித்தால்? தான் எழுதிய விதியைத் தானே நம்பவில்லை. அதை நம்பித்தான் தேவானையைக் கை விடச் சொல்லியிருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"பாய், நாளைக்குப் பழையபடி கையாலயே ஓட்டுங்க."

"ஒங்க கம்பெனிக்கு ஃபோன் போடட்டா?"

"போடுங்க."

மறுநாள் எலக்ட்ரீஷியனோடு வந்தாள். ஆணியைப் பிடுங்கச் சொல்லி, அங்கே ஒரு இரும்புக் கைப்பிடி வைக்கச் சொன்னாள். அதைக் கீழே இழுத்தால்தான் துண்டு மாட்டும் கொக்கி வெளியே வரும். இழுத்த மாத்திரத்தில் மோட்டாருக்குப் போகிற கரண்டே அறுந்துவிடும். துண்டை எடுக்காமல் கைப்பிடி மேலே ஏறாது. இதில் கம்ப்யூட்டருக்கு ஒரு வேலையும் இல்லை.

ஜொவிட்டா கைப்பிடியை இழுத்துத் துப்பட்டாவை மாட்டினாள். முழங்கை வரை கையை உள்ளே விட்டாள்.

"பாய், ஸ்டார்ட் அழுத்துங்க."

நூர் முஹம்மது மாட்டேன் என்று தலையாட்டினார். தேவானைதான் வந்து அழுத்தினாள். மோட்டாருக்கு உத்தரவு போய்விட்டது என்று திரையில் எழுத்து வந்தது. மெஷின் அசையவில்லை.

"போதும், கைய எடு" என்றாள் தேவானை. துப்பட்டாவைக் கழற்றி ஜொவிட்டாவிடம் கொடுத்தாள். அந்தக் கொக்கியில் தன் துண்டை மாட்டினாள். பிறகு வளையல் இல்லாத கையை மெஷினுக்குள் விட்டாள்.