தாவ் பெங் வீட்டில் தீ இல்லை

சீனத்தின் தென்மேற்கில், எங்கள் சுவான்வெய் மலையில் விருந்தாளி வந்தால் முதல் வேலை நடுவீட்டுக் குழியடுப்பில் நிலக்கரியை அள்ளிப் போடுவதுதான். தேநீரெல்லாம் அப்புறம். அடுப்பை அணைத்து வைத்துவிட்டு ஒருவரை உள்ளே கூப்பிட்டால், வந்த வழியே போ என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம்.

பக்கத்து வீட்டுத் தாவ் பெங்கின் மனைவி ஜூஷியாங் நுரையீரல் புற்றுநோயில் செத்தாள். புகையிலையைத் தொட்டே அறியாதவள். பெங்தான் நாள் முழுக்க மூங்கில் குழாயில் புகை இழுப்பவர். "நீ விட்ட புகைதான் எங்கம்மாவைத் தின்னுச்சு" என்று சவ அடக்கத்தன்றே சொல்லிவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் புருஷன் வீட்டுக்குப் போன மகள் யின்ஹுவா திரும்பி வரவில்லை. ஊரும் அதையேதான் சொன்னது. நானும் சொன்னேன், என் வாய் சும்மா இருக்குமா?

பெங் குழாயை உடைத்து அடுப்பில் போட்டார். மகளுக்கு ஆள் மேல் ஆள் விட்டார். உருளைக்கிழங்கைச் சுட்டுத் தின்றுகொண்டு, தனியாக, வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். பாவமாகவும் இருக்கும். கடைசியில், குளிர்காலத்தில் வரும் எங்கள் வருஷப்பிறப்பான வசந்த விழாவுக்கு வருகிறேன் என்று யின்ஹுவா சொல்லியனுப்பினாள். மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த நேரம் பார்த்தா டாக்டர்கள் வர வேண்டும்! என்ன எரிக்கிறீர்கள், யார் சமைக்கிறார்கள், யார் செத்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். பெங் வீட்டுக்கு வந்தபோது நானும் இருந்தேன்.

"நான் புகை பிடிச்சதுதானே காரணம், டாக்டரம்மா?" என்று கேட்டார் பெங்.

"அதுவும் கெடுதல்தான். ஆனா இந்தப் பக்கத்துல ஆம்பளைங்க அளவுக்குப் பொம்பளைங்களும் சாகுறாங்களே. அவங்க யாரும் பிடிக்கிறதில்லையே. மலைக்கு அந்தப் பக்கம் புகையாத கரி, அங்க இந்த நோவு ரொம்பக் கம்மி. உங்க கரி அப்படியில்ல. புகைபோக்கியும் கிடையாது. குனிஞ்சு ஊதுறவ நெஞ்சுக்குள்ளதான் எல்லாம் போகுது. புகைபோக்கி வச்ச அடுப்பு வீட்டுக்கு வீடு தரப்போறோம்."

ஜூஷியாங் அந்தப் பக்கத்துப் பெண். பெண் கேட்கப் போனபோது பெங் எங்கள் ஊர்க் கரியை ஒரு கூடை சுமந்துபோய் அவள் அப்பாவின் முன்னால் வைத்தாராம். ஊதினால் உடனே பற்றும், உங்கள் மகள் கஷ்டப்பட மாட்டாள் என்றாராம். ஊரே சொல்லிச் சிரிக்கிற கதை. அன்றைக்குச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை.

"புகைபோக்கி அடுப்பு எப்ப தருவீங்க?" என்றார் பெங்.

"அடுத்த வருஷம் ஆகும்."

விழாவுக்கு யின்ஹுவா தன் சின்ன மகளோடு வந்தாள். பார்க்க நானும் போயிருந்தேன். வீடு சில்லிட்டுக் கிடந்தது. பெங் குழியடுப்பைச் சாம்பல் இல்லாமல் வழித்து வைத்திருந்தார். விறகு எரிக்கலாமென்றால் எங்கள் மலையில் மரம் எங்கே இருக்கிறது?

"நான் என்ன வேத்தாளாப்பா? தீகூடப் போடல?" என்றவள், மூலையில் கிடந்த கரியை அள்ளிப் போட்டுப் பற்றவைத்தாள். அம்மாவைப் போலவே குந்திக் குனிந்து ஊதினாள். குழந்தையும் பக்கத்தில் குந்தி உதட்டைக் குவித்தது.

பெங் கெட்டிலைத் தூக்கித் தண்ணீரை அப்படியே அடுப்பில் கொட்டினார். கரித்தண்ணீர் தெறித்துக் குழந்தை அலறியது.

"ஊதாதேம்மா! நான் குடுத்த கரிதான் உங்கம்மாவைக் கொன்னுது."

"இத்தனை நாள் குழாய், இப்பக் கரியா? பழி போட வேற ஒண்ணைத் தேடிப் பிடிச்சியா?"

"டாக்டருங்களே சொன்னாங்கடி" என்றேன் நான்.

"நீங்க பேசாதீங்க அத்தே. அன்னைக்குக் குழாய்தான்னு நீங்களுந்தானே சொன்னீங்க?"

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள்.

சாயங்காலம் சுடச்சுடக் கறிக்குழம்பு கொண்டுபோனேன். ஈர அடுப்பின் பக்கத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உள்ள எவ்வளவு நேரம் இருந்திருப்பா?"

"எங்கண்ணே இருந்தா? உக்காரக்கூட இல்லையே."

"புள்ளைக்குப் புகை ஏறியிருக்காதுல்ல?"

"ஏறியிருக்காது."

"அப்ப சரி" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். என் அடுப்பு அணைகிற மாதிரி இருந்தது. குந்தி உட்கார்ந்து, குனிந்து ஊதினேன்.