ஒரு மணி நேரம் கூடுதலாக வெந்த மண்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. வன நாற்றங்கால்களுக்காக மண் உண்ணிகளைப் பற்றி நான்கு பக்கத் துண்டறிக்கை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். 'பூச்சி குறைவு, குடும்பம் அதிகம்' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார் அதிகாரி. (உண்ணி பூச்சியே இல்லை, ஐயா. அதற்கு எட்டுக் கால். எண்ணிப் பாருங்கள்.) அந்தக் கடுப்பில் எழுதுவதுதான் இது.

2

முதல் தொடக்கம்: 'காட்டின் ஈரக் கருவறையில், கண்ணுக்குத் தெரியாத அந்தச் சின்னஞ்சிறு உயிர்கள்...'

அடச்சே.

இரண்டாம் தொடக்கம்: 'அவள் நுண்ணோக்கியில் குனிந்த அந்தக் கணத்தில் அவளுடைய வாழ்க்கையே...'

இதுவும் வேண்டாம். வாழ்க்கை அவ்வளவு சீக்கிரம் மாறாது. முதலில் கழுத்துதான் வலிக்கும்.

மூன்றாவது, வேறு வழியில்லாமல்: நாற்றங்காலில் கன்றுகள் மஞ்சளடித்துக் குட்டையாக நின்றன. மண்ணில் உயிரே இல்லை என்று கண்டுபிடித்தவள் உண்ணி எண்ணுகிறவள். (அதுதான் அவள் வேலை. சம்பளமும் உண்டு.) நோய் வரக்கூடாதென்று வருடக்கணக்காக மண்ணை ஆவியில் வேகவைத்தே பாத்தி போட்டதில் நல்லது கெட்டது எல்லாம் சேர்ந்து செத்திருந்தது. உதிர்ந்த இலையைக் கொறித்து எருவாக்க ஓர் ஆள் இல்லை. பழைய காட்டின் மரத்தடி மண்ணை, அதில் குடியிருக்கும் உண்ணிகளோடு அள்ளிவந்து பாத்தியில் பரப்பினால் இந்த மண் பிழைத்துக்கொள்ளும் என்றாள். இரண்டு வருடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கினாள். ஒரே ஒரு பாத்தி, ஒரே ஒரு தடவை. தேறாவிட்டால் சோதனையை ஏறக்கட்டிவிட்டு அங்கே வண்டி நிறுத்தக் கொட்டகை போடுவதாக ஏற்பாடு.

* துண்டறிக்கையில் அடிபட்ட ஒரு வரி: இந்த உண்ணி, நாயைக் கடிக்கும் உண்ணிக்குத் தூரத்து உறவு. கல்யாணத்துக்குக்கூட அழைத்துக்கொள்ளாத உறவு.

3

இப்போது மாமா. அவளுடைய அக்கா புருஷன், நாற்றங்கால் மேஸ்திரி. இவர்மேல்தான் எனக்குச் சந்தேகம். இவ்வளவு நல்ல மனுஷனை வைத்துக்கொண்டு எவன் கதை எழுதுவான்? ஒரு வரைவில் அவரைக் குடிகாரராக்கிப் பார்த்தேன். இரண்டாம் பத்தியிலேயே டீ கேட்டார். விட்டுவிட்டேன்.

காட்டு மண் மூட்டைகள் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டன. அன்று அவள் பல் பிடுங்கப் போயிருந்தாள். இறக்கியதும் பரப்பியதும் மாமாதான். மண்ணுக்குள் உண்ணி இருக்கிறது, அதுதான் மருந்து என்று அவள் அவரிடம் சொன்னதே மறுநாள், வீங்கிய கன்னத்தோடு. முன்னாலேயே சொல்லாதது அவள் தப்பு. அதை நான் மறைக்கப்போவதில்லை.

கேட்டதிலிருந்து மாமா பாத்தியைக் கண்ணும் கருத்துமாகக் காத்தார். மூன்று மாதம் யாரையும் அதன் ஓரத்தில் மிதிக்க விடவில்லை. கீழே ஆளுங்க இருக்காங்க, பார்த்துப் போங்க என்று அதிகாரியையே சுற்றிப் போகவைத்தார். மச்சினியின் உண்ணிகளைப் பற்றிப் பேசாத இடமில்லை. ஓய்வுபெறப் பதினோரு மாதம் இருந்தது. போவதற்குள் ஒரு பாத்தியையாவது பச்சையாகப் பார்த்துவிட வேண்டுமென்று அவருக்கு ஆசை.

4

எண்ணும் நாள். புனலில் மண்ணைப் போட்டு மேலே விளக்கை எரியவிட்டால், சூடு தாங்காமல் உண்ணிகள் கீழே கீழே இறங்கி, அடியிலிருக்கும் சாராயக் குப்பியில் விழும். (வீட்டுச் சூடு தாங்காமல் சாராயத்தில் விழுகிறவர்கள் நம்மிலும் உண்டு.) ஒப்பிட்டுப் பார்க்கக் காட்டு மண்ணுக்கு ஒரு புனல், பாத்தி மண்ணுக்கு ஒரு புனல். காட்டு மண்ணில் நானூற்றுப் பன்னிரண்டு. பாத்தி மண்ணில் மூன்று. மறுபடி எண்ணினாள். இரண்டு. ஒன்று தூசி.

மாமா கதவோரம் வந்து நின்றார். மூட்டை பிரித்த நாளைப் பற்றி அவள் எதேச்சையாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அதுல ஒரு குறையும் வைக்கலம்மா. எப்பவும் ரெண்டு மணி நேரம் ஆவி காட்டுவோம்ல? காட்டு மண்ணு, என்ன நோய் இருக்குமோ. உன்னோடதாச்சேன்னு இன்னும் ஒரு மணி நேரம் சேத்தே காட்டினேன்."

அவள் பேனாவை மூடி வைத்தாள். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. காலையில் பல் துலக்கியதை யாராவது யோசிப்பார்களா? முப்பது வருடமாக மண்ணை வேகவைப்பது அவருக்கு அப்படி. ஆவியையும் உண்ணியையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

5

முடிவு அ: பாத்தியின் மூலையில் எப்படியோ தப்பிய ஒரு தாய் உண்ணி தன் குஞ்சுகளோடு... பொய். மூன்று மணி நேர ஆவி, ஐயா.

முடிவு ஆ: காரணத்தோடு அறிக்கை எழுதுகிறாள். பாத்திக்கு இன்னொரு தடவை கிடைக்கிறது. மாமா ஓய்வுக்கு முன்னதாகவே அவப்பெயரோடு வீட்டுக்குப் போகிறார். அக்கா இவள் போனை எடுப்பதில்லை.

முடிவு இ: காரணம் எழுதாமல் இரண்டு என்று மட்டும் எழுதுகிறாள். மாமாவைக் கைதட்டி வழியனுப்புகிறார்கள். கொட்டகை வருகிறது. மஞ்சள் கன்றுகள் மஞ்சளாகவே மலைக்குப் போய் மஞ்சளாகவே சாகின்றன.

முடிவு ஈ: அவள் இரண்டுக்குப் பின்னால் இரண்டு சைபர்

(இல்லை. அதை அவள் செய்ய மாட்டாள்.)

6

நான் இங்கே வரிசை போட்டுக்கொண்டிருக்க, மாமா உள்ளேயே வந்துவிட்டார்.

"நானும் ஒரு தடவ பாக்கட்டுமா? நம்ம பாத்தியில வளந்ததுங்கதானே."

மூன்று மாதம் காத்திருந்த முகம் அது. எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை.

மேசையில் நுண்ணோக்கி. பக்கத்தில் இரண்டு தட்டுகள், ஒன்றில் காட்டு மண் உண்ணிகள், இன்னொன்றில் பாத்தி உண்ணிகள். நானூற்றுப் பன்னிரண்டை வைத்தால் சந்தோஷமாகப் போவார், சாயங்காலத்துக்குள் எல்லோரிடமும் சொல்லிவிடுவார், அப்புறம் அவளால் உண்மையை எழுதவே முடியாது. இரண்டை வைத்தால் ஏன் என்று கேட்பார். கேட்டால் அவள் சொல்லிவிடுவாள், அவரிடம் அவளுக்குப் பொய் வராது.

என்னால் ஆகாது. துண்டறிக்கைக்குக் கொடுத்த காசுக்கு நான் இவ்வளவுதான் எழுதுவேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார், தப்பான கண்ணை மூடிக்கொண்டு குனிகிறார். தட்டை நீங்கள் வையுங்கள். கொஞ்சம் சீக்கிரம், ரொம்ப நேரம் குனிந்தால் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும்.