திருப்பி வாங்கிய கயிறு

டெய்சியின் போனில் இருந்த வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் கூடிக்கொண்டே வந்தன. முதலில் பெண்ணாடம், அப்புறம் ஸ்ரீமுஷ்ணம், நேற்று சேத்தியாத்தோப்பு. எங்கே போனாலும் ஒரே காட்சிதான்: வாயில் நுரை, குளம்பிடுக்கில் புண், கால் மாற்றி மாற்றி நிற்கும் மாடு. கோமாரி. கால்நடை ஆய்வாளராக இருந்த பதினோரு வருஷத்தில் அது இத்தனை வேகமாகப் பரவி அவள் பார்த்ததில்லை.

நோய்க்குக் கால் ஏது? லாரிதான் கால். காதில் குத்திய மஞ்சள் வில்லைகளின் எண்ணைத் தட்டிப் பார்த்ததில், எல்லாமே எட்டு நாளைக்கு முன் ஆந்திர எல்லை தாண்டி ஒரே லாரியில் வந்தவை என்று தெரிந்தது. அந்த லாரியில் வந்த ஒன்பதில் எட்டைப் பிடித்தாயிற்று. இன்னொன்றைக் காணோம்.

இந்தச் சனியனைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாதே என்று அவள் படாத பாடு பட்டாள். வாசலிலேயே செருப்பைக் கழற்றி, சோடா உப்புத் தண்ணீரில் கால் கழுவி, உடுப்பு மாற்றிய பிறகுதான் கொட்டகைப் பக்கம் போவாள். அங்கே நின்றது செவலை, எட்டு மாதச் சினை, தலைச்சன். நிறைசினைக்கு வேண்டாம், ஈன்றதும் போடலாம் என்று தடுப்பூசியைத் தள்ளி வைத்திருந்தாள்.

அந்த லாரியை வரவழைத்த மாட்டுத் தரகர் பச்சமுத்து பீங்கான் கம்பெனிக்குப் பின்னால், உடைந்த கோப்பைகள் குவிந்த திடலில் அகப்பட்டார். லாரி நின்ற இடமும் அதுதான்.

"ஒன்பதாவது மாடு எங்கண்ணே?"

"செத்துப்போச்சுங்க டாக்டரம்மா. எறக்கும்போதே நொரை தள்ளிக்கிட்டு இருந்துச்சு. இங்கயே பொதைச்சிட்டோம்."

"பக்கத்துல வேற மாடு நின்னுச்சா?"

"இல்லீங்க, தனியாத்தான் கட்டுனேன். அதும் கயிறு அறுந்துபோச்சு. உங்க வூட்டுக் கயிறு சும்மா கெடந்துச்சு, அதுலதான் கட்டுனேன்."

டெய்சிக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. செவலையின் தாயை லாரி வந்த அன்றைக்குத்தான் பச்சமுத்துவிடம் விற்றார்கள். மாட்டை விற்கலாம், கயிற்றை விற்கக் கூடாது. கயிறு போனால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடும் என்பார்கள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற வீடுதான். ஆனாலும் கயிற்று விஷயத்தில் அங்கேயும் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. புதுக்கயிறு கொண்டுவர மறந்த பச்சமுத்து, பழைய கயிற்றோடே ஓட்டிப் போய், திடலில்தான் கயிறு மாற்றியிருக்கிறார்.

"அந்தக் கயிறு இப்ப எங்க?" கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"மறுநாளே ஆல்பர்ட்டு வந்து வாங்கிட்டுப் போயிட்டாருங்களே. நீங்க சத்தம் போட்டீங்களாமே."

போட்டாள்தான். "அந்தக் கயிறு இல்லாம வூட்டுக்குள்ள வராதீங்க" என்று கணவனை விரட்டினாள். வந்த கயிற்றைத் தன் கையாலேயே செவலையின் கழுத்தில் கட்டினாள். பாவி, கட்டுவதற்கு முன் தண்ணீரில்கூட அலசவில்லை.

ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை, கால் கழுவவில்லை. நேரே கொட்டகைக்குள் போனாள்.

"காலையில இருந்து புல்லை மோந்து பாத்துட்டு வுட்டுடுது," என்றான் ஆல்பர்ட். "தலைச்சன்ல, அதான் போல."

செவலை அவளைப் பார்த்துச் சப்புக்கொட்டியது. உதட்டிலிருந்து கோழை நூலாக இறங்கி, கழுத்துக் கயிற்றில் வழிந்தது.

"தொடாதீங்க," என்றாள்.

போனை எடுத்துத் தன் தெருவின் மேல் புதுப் புள்ளி வைத்தாள். போன் வில்லை எண்ணைக் கேட்டது. மனப்பாடமாயிருந்த எண்ணை, செவலையின் காதைப் பார்க்காமலே தட்டினாள்.